சான் ரோக்கே மீனவரிடம் பெண் கேட்கப் போனது

ஜூலை 10, வியாழன். பேர்லேண்ட்

காலையிலேயே அனல். ஆபீசில் உட்கார்ந்திருந்தேன், வேலை ஓடவில்லை. மாரிசெல்லின் அப்பா வந்துவிட்டாராம்! பிலிப்பைன்ஸிலிருந்து, வாழ்க்கையில் முதல் முறையாக விமானம் ஏறி. இங்கே பக்கத்து ஊர் சுகர் லேண்டில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். ஞாயிறு நாங்கள் போய்ப் பெண் கேட்க வேண்டும். பையன் வீட்டார்தான் தேடிப் போக வேண்டும், அங்கேயும் அதே வழக்கம். அப்பா சரி சொன்னால்தான் கல்யாணம் என்று மாரிசெல் எங்கள் பையன் கெவினிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். கெவினுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் மீனவர். ஊர் சான் ரோக்கே. இப்போது அங்கே காற்றுக்காலம், படகு இறக்க முடியாது. அதனால் வர முடிந்தது. காற்று அடங்கினால் கிளம்பிவிடுவார்.

ஜூலை 11, வெள்ளி

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. வீட்டுக்காரர் சேவியர் லாப்டாப்பை மூடவே இல்லை. சம்பந்தி ஊரைப் பற்றி ஒரே ஆராய்ச்சி.

"இங்க பாரேன் மேரி, கரையோரக் கடல்கூட அந்த முனிசிபாலிட்டி கன்ட்ரோல்தானாம். பெரிய போட் உள்ள வந்து வலை போடக் கூடாதாம்!"

நானும் எட்டிப் பார்த்தேன். கோயில், எதிரே நகராட்சி ஆபீஸ், நடுவில் பாஸ்கெட்பால் மைதானம். ஒரு பாதியில் பையன்கள் ஆட்டம், மறு பாதியில் கருவாடு காய்கிறது! கரையில், கவிழாமலிருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கை நீட்டிய படகுகள். திருவிழாவில் புனிதரின் சொரூபம் படகேறிக் கடலில் பவனி. சான் ரோக்கே என்றால் நம் ஆரோக்கியநாதர்தானே! எனக்குப் புல்லரித்தது. இவருக்கும்தான், சொல்ல மாட்டார்.

ஜூலை 12, சனி

பழம், ஸ்வீட், வெற்றிலை வாங்கியாயிற்று. மல்லிகை கிடைக்கவில்லை. ரோஜா.

இவர் சட்டம் போட்டார்: "பேச்சு முடியற வரைக்கும் அங்க கை நனைக்கக் கூடாது. சம்மதம் சொல்லட்டும், அப்புறம் சாப்பிடலாம்."

"காபி?"

"காபி ஓகே. சோறு நோ."

கெவின்: "டாட், சீரியஸ்லி?"

எங்கள் அப்பாவும் இப்படித்தான். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து நேரே சுகர் லேண்ட். மாரிசெல்லின் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். ஒல்லி, கறுப்பு, இஸ்திரி போட்ட சட்டை. மேஜை முழுக்கச் சாப்பாடு. நூடுல்ஸ், சோறு, பொரித்த மீன். நடுவில் ஊரிலிருந்து அவரே காயவைத்துப் பெட்டியில் கொண்டுவந்த கருவாடு.

"ஈட், ஈட்" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "ஃபர்ஸ்ட் டாக்" என்றார். அவர் மறுபடி "ஈட்". இவர் மறுபடி "டாக்". பாழாய்ப் போன பிடிவாதம். அவர் முகம் இருண்டுவிட்டது.

மாரிசெல் என்னைக் கிச்சனுக்கு இழுத்துப் போனாள். கண் கலங்க, இங்கிலீஷில் படபடத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சாப்பிடாம அப்பா எதுவும் பேச மாட்டார். எங்க ஊர்ல அப்படித்தான். மீன்காரன் வீட்டுச் சாப்பாடுன்னு ஒதுக்கறீங்கன்னு நினைக்கறார். நோ சொல்லப் போறார்."

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். "ஓ காட்" என்று அப்பாவிடம் ஓடி, அவர்கள் பாஷையில் கடகடவென்று சொன்னாள். அவர் அசையவில்லை. மரியாதை எல்லாம் சரி, யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டுமே!

நான் இவர் பக்கத்தில் போய் மெதுவாக, "சட்டமா, பையனா?" என்றேன்.

இவர் கெவினைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, கருவாட்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். சம்மதம் இன்னும் வரவில்லை! கைநீட்டி இன்னொரு துண்டும் எடுத்தார்.

மாரிசெல்லின் அப்பாவும் தன் ஸ்பூனைத் தள்ளி வைத்தார். கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார். தட்டைக் காலி செய்தார். தண்ணீர் குடித்தார். கெவின் தோளில் கை வைத்து, "யெஸ்" என்றார்.

இவர் வாய் நிறையச் சோறு. கண்ணீர் வடியத் தலையை மட்டும் ஆட்டினார்.