இரவல் படி

திருவிழாவுக்கு அரிசி களைகிறார்கள்; அந்தக் கழுநீர் வாசம் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. அதற்குமேல் வேலை ஓடவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதமாகிறது.

அந்தத் திருவிழா நடந்தது அறுபதுகளின் கடைசியில். ஓசூர்க் கடைகளில் கிலோக் கல் வந்துவிட்டாலும் எங்கள் மாதா கோவிலில் படிதான். பள்ளிக்கூடம் போகாத நான், வீட்டுக்காரரின் பழைய புத்தகத்தைப் பார்த்து நானாகவே கணக்குப் பழகியவள். அந்தக் கர்வம் கொஞ்சமல்ல. திருவிழாச் சாப்பாட்டுக்கு அறுபது படி அரிசி என்று நோட்டில் போட்டுவைத்தேன். கோவில் படியின் அடித்தகடு விட்டுப்போயிருந்ததால், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கமிருந்து குடிவந்தவர்களிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். அளந்தது நீ. ஒன்று என்று சொல்லாமல் வழக்கப்படி "லாபம்" என்று தொடங்கி, இரண்டாவதிலேயே நிறுத்தினாய்.

"அக்கா, இது நம்ம படி இல்லக்கா. அவங்க ஊரு சேரு. கைக்கு லேசா இருக்குது."

"கையெழுத்துப் போடத் தெரியாத கை எனக்குக் கணக்கு சொல்லுதாக்கும்! நோட்டுல அறுவதுன்னா அறுவதுதான். அளடி."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே அளந்தாய்.

கடைசிப் பந்திக்குச் சோறில்லை. கூலிக்காரர்கள் உட்காரும் பந்தி அது. உன் வீட்டாரும் வெறும் இலையை விட்டு எழுந்தார்கள். "அளந்தவளுக்கு எண்ணத் தெரியல" என்றார் ஒருவர். நீ என்னைப் பார்த்தாய். நான் நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த இரவல் படியை வீட்டு அரைப்படியால் அளந்து பார்த்தேன். இரண்டு அரைப்படி கொள்ள வேண்டியது, ஒன்றரையிலேயே வழிந்தது. அறுபது என்று அளந்தது நாற்பத்தைந்துதான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பள்ளியில் உன் மகள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட, "உங்கம்மா அளந்த அளவா?" என்று வாத்தியார் கேட்டாராம், வகுப்பே சிரித்ததாம். கணக்குப் பாடம் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான் நல்லா வருதே, சொல்லிக் குடுங்கக்கா" என்று என்னிடமே கூட்டிவந்தாய். வகுத்தல், பெருக்கல் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தப்பு யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மன்னிப்பு எனக்குக் கிடைத்தது. பழி உன்னிடமே இருந்தது.

உன் அடக்கத்தன்று பக்கத்தில் நின்றவள், "தங்கமான மனுஷி. பாவம், கணக்குதான் தெரியாது" என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.