மூன்றாம் படத்தில் விடுபட்ட தடை

மோன்பெலியே,
7 பிப்ரவரி 1994

திரு. லோயிக் கெர்வெல்லா அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். மாணவராக இருந்த எட்டு ஆண்டுகளும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டவர் நீங்கள்.

என் கணவர் ஒகுஸ்தென் மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவருடைய கட்டுரைகளைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் புத்தகமாகப் போடுகிறார்கள். நேற்று தொகுப்பாளர் தொலைபேசியில், "மதாம், கடைசிக் கட்டுரைய மட்டும் விட்டுடலாம்னு இருக்கோம். லானியோன்ல கெர்வெல்லா அளந்து பாத்தாராம், சரியா வரலையாம்" என்றார்.

லேசரின் குவாண்டம் இரைச்சலை, அதாவது ஒளியின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை, சாதாரண மின்சுற்றாக வரைந்தே கணக்கிடலாம் என்று காட்ட அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். இரைச்சல் ஒளியில் இல்லை, ஒளியைப் பிறப்பிக்கும் மின்தடையிலும் அதை விழுங்கும் தடையிலும்தான் இருக்கிறது என்பார். "இது குவாண்டம் இல்ல சார், பிளம்பர் வேலை" என்று என் மேசையிலேயே உட்கார்ந்து சொன்னீர்கள். "பிளம்பர் வந்தாத்தான்டா குழாய்ல தண்ணி வரும்" என்று அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து போனவர் நான்கு ஆண்டுகளாக வரவில்லை. நீங்கள் தட்டிவிட்ட ஒயின் கறை மேசை விரிப்பில் இன்னும் இருக்கிறது.

அந்தக் கட்டுரையை விட்டுவிட்டுப் புத்தகம் வந்தால், கடைசியில் அவர் தடுமாறிவிட்டார் என்றுதான் பேசுவார்கள். நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்பதை எனக்குப் புரியும்படி எழுதுங்கள்.

க்ளோதில்த் ரூவியேர்


லானியோன், செவ்வாய்

மதிப்புக்குரிய மதாம்,

ஆமாம், கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மின்சாரத்தைச் சீராக ஊட்டினால் லேசரின் ஒளியும் அடங்கிப் பொழியும் என்பது சாரின் கணக்கு. சாதாரண ஒளி கூரையில் விழும் மழை மாதிரி. ஒவ்வொரு துளியும் தன்னிஷ்டத்துக்கு விழும். அந்த மழையைவிட இரைச்சல் குறைய வேண்டும். குறையவில்லை. மூன்று முறை அளந்தேன். மழை மழையாகவே இருந்தது.

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, நூலகத்திலிருந்த இதழில் மூன்றாம் படத்தைப் பார்த்து அப்படியே செய்தேன். மின்கலத்திலிருந்து நேராக லேசருக்கு. 'சீராக' என்று அவர் எழுதியிருந்தார். மின்கலத்தைவிடச் சீரானது எது என்று நினைத்தேன். சாரின் படங்களுக்கு மை போடுவது நீங்கள்தானே, உங்கள் கோடுகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. உங்கள் கோட்டைத் திருத்த எனக்கு எப்போது துணிச்சல் இருந்தது?

இதில் எனக்கு மகிழ்ச்சி எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து சார் எனக்கு ஓர் உறை அனுப்பியிருந்தார். இன்றுவரை நான் அதைப் பிரிக்கவில்லை. திட்டியிருப்பார் என்று பயம். அடக்கத்தன்று வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனேன்.

மார்ச் 15க்குள் தொகுப்பாளருக்கு என் முடிவைச் சொல்ல வேண்டும்.

லோயிக்


மோன்பெலியே,
21 பிப்ரவரி 1994

லோயிக்,

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. 'செவ்வாய்' என்பது தேதி ஆகாது.

நீங்கள் தவறாக அளந்தீர்கள் என்று நிரூபிக்கத்தான் அவருடைய காகிதக் கட்டைப் பிரித்தேன். பிரித்த பிறகு நான்கு நாள் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். நான் படித்த கன்னிமாடப் பள்ளியில் இதற்கும் ஒரு பெயர் உண்டு, பாவம் என்று.

அவருடைய பென்சில் வரைவில் மின்கலத்தின் இடப்பக்கம் ஒரு தடை இருக்கிறது. மின்கலத்தைவிடப் பெரியதாக வரைந்திருக்கிறார். நான் மை போட்ட படத்தில் அது இல்லை.

முப்பது ஆண்டுகள் அவருடைய படங்களுக்கு மை போட்டது நான்தான். இதழின் பத்தி எட்டரை சென்டிமீட்டர் அகலம். அந்தத் தடை வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்கலாமென்றால் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பழைய படங்களில் மின்சாரம் வரும் பக்கத்தை அவரே விட்டிருக்கிறாரே என்று நானாக முடிவு செய்தேன். அச்சுப் பிரதி வந்தபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு, க்ளோ" என்றார்.

அந்தத் தடையைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். எந்த முடிவு வந்தாலும், பிழை க்ளோதில்த் ரூவியேருடையது என்று என் பெயரோடு அச்சிடச் சொல்லுங்கள்.

அந்த உறையையும் பிரியுங்கள். திட்ட நினைத்திருந்தால் அவர் தபால்தலைக்குச் செலவழித்திருக்க மாட்டார்.

க்ளோதில்த்


லானியோன்,
4 மார்ச் 1994 (வெள்ளி)

அன்புள்ள மதாம்,

தடையைப் போட்டேன். காலை பதினோரு மணிக்கு என் உதவியாளர் மயேல் ஓடிவந்தாள். "சார், கருவி கெட்டுப்போச்சு! இரைச்சல் விழுந்துடுச்சு!"

"கெடலம்மா, இப்பத்தான் சரியா வேலை செய்யுது."

"அப்போ ஏன் சார் அழறீங்க?"

இரைச்சல் மழையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சாரின் கணக்கு சொன்ன இடத்திலேயே நின்றது. சீராக இருக்க வேண்டியது மின்னோட்டம். தடை இருந்தால்தான் அது அடங்கி ஓடுகிறது. மின்கலத்தை நேராக இணைத்தால் லேசர் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்கிறது. எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கட்டுரை புத்தகத்தில் வருகிறது, தொகுப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகுதான் உறையைப் பிரித்தேன். உள்ளே அந்தக் கட்டுரை. மூன்றாம் படத்தின் ஓரத்தில் நடுங்கும் சிவப்புப் பென்சிலில் ஒரு தடை. அதன் கீழே:

"லோயிக், இங்கே ஒரு தடை விட்டுப்போயிருக்கிறது. பெரியதாகப் போட்டு அளந்து பார். எல்லாருக்கும் நீயே சொல்லிவிடு. க்ளோவிடம் மட்டும் சொல்லாதே. என் கட்டிலருகில் உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தாள்."

பதினைந்து மாதம் என் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அவர் சொல்லை மீறி உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. புத்தகத்தில் 'அச்சில் விடுபட்டது' என்று போட்டால் போதும். உங்கள் பெயர் வேண்டாமே.

உங்கள்
லோயிக்


மோன்பெலியே,
9 மார்ச் 1994

அன்புள்ள லோயிக்,

என் பெயர் வர வேண்டும். செய்யாத பிழையை அச்சகத்தார் ஏன் சுமக்க வேண்டும்? புதிய படம் இத்துடன் இருக்கிறது. தடையை அவர் வரைந்த அளவிலேயே போட்டிருக்கிறேன். பத்தியில் அடங்காது, பக்கத்தைப் படுக்கவைத்து அச்சிடச் சொல்.

முப்பது ஆண்டுகளில் என் படங்களில் அவர் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. குறையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று பழைய இதழ்களை எல்லாம் இறக்கி, அவர் வைத்திருந்த பிரதிகளைப் புரட்டினேன். இதுவரை ஏழு படங்களில் சிவப்புப் பென்சில் இருக்கிறது. ஏழாவதைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, மதாம்?" என்று கேட்டாள்.

இன்னும் இரண்டு அலமாரி பாக்கி. எது பிழை, எது அவருடைய கிறுக்கல் என்று எனக்குத் தெரியவில்லை. இருபதாம் தேதி ஞாயிறு வா. நண்டு வாங்கி வைக்கிறேன். பன்னிரண்டரைக்கு, ஒரு மணிக்கு அல்ல. அதே விரிப்பைத்தான் போடுவேன், கறை உன் பக்கம் இருக்கும்படி.

க்ளோ