அம்மா இல்லாத அதிகாரி

பொட்டோசி சுரங்க முகாம், பொலிவியா
மே 1965

அன்புள்ள இலாரியா,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் முட்டிவலி தேவலையா? நான் மலை மாதிரி இருக்கிறேன்; மலைதான் கொஞ்சம் இருமுகிறது.

நான் பேசும் சுரங்கத் தொழிலாளர் வானொலி இப்போது சந்திரன் வரை கேட்கிறதாம். அது பொறுக்காத ராணுவ ஆட்சி அனுப்ப, நேற்றுக் காலை ஒரு சார்ஜென்ட் நாலு லட்சம் சிப்பாய்களோடு நிலையத்தை மூட வந்தான். சரி, நாலு பேர். காணாமல்போன கழுதையைப் பற்றி அறிவிக்க வந்திருந்த காசில்டா அக்கா, ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த மைக்கை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்கம்மா தினம் இந்த ரேடியோவைத்தான் கேக்குறா தம்பி. என்ன பண்ண வந்தேன்னு நீயே சொல்லிடு."

அவன் காதுவரை சிவந்து, "அம்மா, நல்லா இருக்கேன்" என்றான். நிலையத்தை மூடாமலே திரும்பிப் போகும்போது என்னிடம் மெதுவாக, "நாளைக்கு வேற அதிகாரி வருவாரு. அவருக்கு அம்மா இல்ல" என்றான்.

அவன் சொன்ன அந்த 'நாளைக்கு' இன்றுதான். இதை எழுதுவதற்குள் ஏழு முறை சன்னலுக்குப் போய் வந்துவிட்டேன்.

கம்பளிக் காலுறையும் காய்ந்த மிளகாயும் அனுப்பு. கடிதம் கிடைத்ததும், காலை ஆறு மணிக்கு வானொலியைப் போடு. முதல் வணக்கம் உனக்குத்தான். என் குரல் வராவிட்டால் ஒலிபரப்புக் கருவியில் வால்வு எரிந்திருக்கும். வால்வுதான், இலாரியா. வேறொன்றுமில்லை.

தொழிற்சங்கத்துச் சைரன் ஊதுகிறது, ஓடுகிறேன்.

உன்
ஃபெர்மின்