வீட்டில் ஒரே ஒரு நான்-ஸ்கீயர்

சான் ரமோன்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மிணி தாமரைச்செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே பார்சிப்பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கவேண்டும். சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றித்தான், என் மனசை அதில் சேர்க்கவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் ஏதாவது தமாஷ் பேசிவிடுவேன், நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், அப்புறம் கோபம் எங்கே போயிற்றென்று தேடவேண்டி வரும். இந்தத் தடவை கோபம் சிந்தாமல் சிதறாமல் உன் கைக்கு வரவேண்டும், அதனால்தான் தபால்.

நாங்கள் டாஹோ பக்கம் பனிமலைக்குப் போய்வந்தது உனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதது எதுதான் இருக்கிறது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று உன் அண்ணன் சொன்னானா? நான்தான். செழியனுக்கும் மருமகளுக்கும் சறுக்கிக்கொண்டு இறங்கச் சரிவு இருந்தால் போதும், பேத்தி ஆதிரைக்கு ஹாட் சாக்லேட் இருந்தால் போதும், ஸ்கீ தெரியாத ஆள் அங்கே என்ன செய்வான் என்பதுதான் பிரச்சினை. "அப்பா, நீங்களே ஒரு ரிசார்ட் செலக்ட் பண்ணுங்க, உங்களுக்கு போர் அடிக்கக் கூடாது" என்று ஐபேடை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். உடுமலையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், ஐஸைக் கரும்புச்சாற்றில் தவிர வேறெங்கும் பார்க்காதவன், மலை மலையாக ஆராய்ச்சி செய்தேன் அம்மிணி. சில இடத்தில் ரோப் கார் ஸ்கீ மாட்டியவர்களுக்கு மட்டும்தானாம், நடந்து வருகிறவனை ஏற்றமாட்டார்களாம். சில இடத்தில் மேலே போனால் உட்கார இடமில்லை, போட்டோவில் எல்லா நாற்காலியிலும் ஹெல்மெட்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் டீ குடிக்கக்கூட காரில்தான் போகவேண்டும், கார் ஓட்டத் தெரியாதவன் அறையிலேயே கிடக்கவேண்டியதுதான், அதற்குச் சான் ரமோனே போதுமே. கடைசியில் ஒன்று அகப்பட்டது. சாதாரண ஷூவோடு ரோப் காரில் ஏறலாம், மேலே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கூடம், குளிர் காயக் கணப்பு, கீழே நடந்தே சுற்றிவரக் கடைத்தெரு, களைத்துப்போனால் அறைக்கு நாலு எட்டு. பத்தாவதில் இங்கிலீஷில் தட்டித் தடுமாறித் தேறியவனுக்கு இது டாக்டர் பட்டம் வாங்கியதற்குச் சமம்.

இத்தனை பாடும் எதற்கென்றால், எனக்கும் உன் அம்மாவுக்கும் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும். உடுமலை வீட்டில் குடியிருக்கும் வாத்தியார் ஏப்ரலில் காலி செய்கிறார். மறுபடி வாடகைக்கு விடுவதா, நீங்களே வந்துவிடுகிறீர்களா என்று புரோக்கர் சபரிநாதன் விடாமல் கேட்கிறார். அதை உன் அம்மாவிடம் கேட்கவேண்டும். இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் ஒரு பக்கம் டிஷ்வாஷர், ஒரு பக்கம் ஆதிரையின் பியானோ. போன குளிர்காலம் முழுக்க அவள் உன்னிடம், நான் செழியனிடம். அண்ணனும் தங்கையும் பாத்திரம் பண்டம் பிரித்துக்கொள்வதுபோல எங்களைப் பிரித்துக்கொண்டீர்கள், பிள்ளைகளுக்காகத்தானே என்று நாங்களும் போய் இருந்தோம். அதனால் எல்லோரும் சறுக்கப் போனபிறகு நாங்கள் இருவர் மட்டும் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து, ஊருக்கே போய்விடலாமா புஷ்பா என்று நிதானமாகக் கேட்கவேண்டும். இதுதான் என் திட்டம்.

ஸ்கீ தெரியாதவர்களை இங்கே நான்-ஸ்கீயர் என்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது செழியன், "அப்பா நான்-ஸ்கீயர். அம்மா, நீங்க?" என்றான். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிராமல் "நான் ஸ்கீயர்" என்றாள். மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். உன் அம்மாவின் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. அதற்காகவே நான் "எங்கே, இன்னொரு தரம் சொல்லு" என்றேன். "நான் ஸ்கீயருங்க" என்றாள், கணீரென்று. என்ன உச்சரிப்பு என்று மெச்சினேன். பார்க்கில் நடக்க வரும் நஞ்சுண்டன் அங்கிளிடம், நானும் சம்சாரமும் நான்-ஸ்கீயர் சார் என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, 'நான், ஸ்கீயர்' என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது நீ.

அங்கே போன முதல் நாள் காலை, கண்ணாடி ஓரம் ரெண்டு நாற்காலி பிடித்து, ஒன்றில் சால்வையைப் போட்டு வைத்துக் காத்திருந்தேன். பாத்ரூம் போய்வருகிறேன் என்று போனவள் வரவே இல்லை. ஊதா ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு டொக்கு டொக்கென்று ஒரு பெண்மணி வந்து எதிரே நின்றாள். வழி விடச் சொல்கிறாள் போல என்று காலை இழுத்துக்கொண்டு "ஸாரி மேடம்" என்றேன். "ஏனுங்க, நாந்தானுங்க" என்றாள். பின்னால் ஆதிரை, "தாத்தா, பாட்டி இஸ் ஸோ குட்!" என்று குதிக்கிறாள். போய்விட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாம்பு போல வளைந்து வளைந்து இறங்குகிறாள், ஒருதரம் விழுந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒருதரம்கூட என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "இந்தச் சேர் காலியா?" என்று எவனோ கேட்டான், எடுத்துக்கொள் என்று சால்வையை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் களைத்து வந்தவளோடு ரோப் காரில் கீழே இறங்கினேன். நாங்கள் இருவர் மட்டும்தான். முதலில், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்ககிட்டச் சொன்னா அதையும் ஒரு சிரிப்பாக்கி உடுமலை வரைக்கும் போன் போட்டுச் சொல்லுவீங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது" என்றாள். நான் என்னைப் பற்றித்தானே அம்மிணி தமாஷ் பேசுவேன்? சரி, போகட்டும் என்று வீட்டு விஷயத்தைக் கேட்டேன். "வாடகைக்கே விட்டுருங்க" என்றாள். அதோடு, "இதைத் தாமரைகிட்ட அப்பவே சொல்லீட்டனே" என்றாள்.

சறுக்கு விளையாட்டை மறைத்ததை நான் மன்னித்துவிடுவேன். போன வருஷம் சனிக்கிழமை தவறாமல் நான் போன் செய்தபோது "அம்மா வாக்கிங் போயிருக்காங்கப்பா" என்றாயே, பனியில் என்ன வாக்கிங் என்று கேட்க எனக்குப் புத்தியில்லை, பேரனின் ஸ்கீ வகுப்புக்குத் துணைக்குப் போனவள் தானும் சேர்ந்துகொண்டாள், சந்தோஷம். ஆனால் ஊர் திரும்புவதில்லை என்று என் சம்சாரம் முடிவு செய்ததை நீ ஒரு வருஷமாக வைத்துக்கொண்டு, வாரா வாரம் என்னிடம் "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் கேட்டாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாத்திரையைக்கூட விழுங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் என்னிடம் சொல்வாய், இப்போது நான்தான் தெரியக்கூடாதவன் ஆகிவிட்டேன்.

வீட்டை யாருக்கும் கொடுக்கவேண்டாம், ஏப்ரலில் நான் வருகிறேன் என்று சபரிநாதனிடம் சொல்லிவிட்டேன். நான் என்றால் நான் மட்டும்தான். சோறு வைக்கத் தெரியும், ரசம் கூகுளுக்குத் தெரியும். அப்பா தனியாகக் கஷ்டப்படுவார் என்று நீ அம்மாவைக் கிளப்பிவிடாதே, இரு என்றும் சொல்லாதே. வருவதானாலும் மாட்டேன் என்பதானாலும் அவள் வாயால் நான் கேட்டுக்கொள்கிறேன். நடுவில் நீ வேண்டாம். உன்மேல் பாசம் குறைந்ததாக நினைக்காதே, கோபம் அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் இருக்கும். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கவேண்டும். மாப்பிள்ளையை ஐஸ் பிடித்த ரோட்டில் மெதுவாக ஓட்டச் சொல், பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு.

இதை உறையில் போடும் முன் உன் அம்மாவை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே கேட்டாள். ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. "வாடகைக்கு விட்டுருங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு முந்தி நான் ரொம்ப நேரம் பேசாம வெளிய பாத்துட்டு இருந்தனே, அதையும் எழுதுங்க" என்றாள். உண்மைதான், பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதிவிட்டேன். அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "அதை உங்ககிட்டத்தான் சொல்லுவேன், கடுதாசிய ஒட்டீட்டு வாங்க" என்றாள். ஆகவே அம்மிணி, இது ஒன்றாவது உனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
நஞ்சப்பன்