விடியும்வரை ஒரு ஃபேன்

ஆகஸ்ட் 10

நேற்று இரண்டாம் சனிக்கிழமை. என் முறை. காலை பத்து மணிக்கு சிதம்பரம் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் மகள் சிந்துவை ஏற்றிக்கொண்டேன், மாலை ஐந்துக்கு அதே வாசலில் இறக்கிவிட்டேன். நான்கு வருடமாக இதுதான் ஏற்பாடு. கோர்ட் எதுவும் சொல்லவில்லை. அவள் அம்மா பிரிசில்லாவும் நானும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. நாங்கள் சண்டை போடாமல் பேசி முடித்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது கடலூர் முதுநகரில், செம்மங்குப்பம் பிளாண்டில் ஷிப்டு பார்க்கும் நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறை. அங்கே பெண் பிள்ளையைக் கூட்டிவந்து தங்கவைக்க முடியுமா? அதற்காகத்தான் இந்த வேன். பழைய டிராவலர். பின்சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில் அடித்து, கூரையில் இரண்டு சோலார் பேனல் பொருத்தி, ஞாயிறு ஞாயிறாக நானே செய்தது. மகள் என்னோடு ஒரு ராத்திரி தங்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை எனக்கு.

மே மாதம் தங்கினாள். சாமியார்பேட்டை கடற்கரை, சவுக்குத் தோப்பு ஓரம். ராத்திரி இரண்டு மணிக்கு பேட்டரி தீர்ந்து ஃபேன் நின்றுவிட்டது. புழுக்கம், கொசு. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட போலாம்ப்பா" என்றாள். அழக்கூட இல்லை. கொண்டுபோய் விட்டேன்.

நேற்று பரோட்டா சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன் — காலாண்டு லீவுல ரெண்டு நாள் வர்றியாம்மா?

"ஃபேன் விடிய விடிய ஓடுமாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். அப்படியென்றால் வர மனசு இருக்கிறது. ஃபேன்தான் தடை. ஃபேன் என் கையில் இருக்கிற விஷயம்.

ஆகஸ்ட் 14

பிளாண்டில் போடுவது மாதிரியே லோடு கணக்கு போட்டேன். ஃபேன், பத்து மணி நேரம். குட்டி ஃபிரிட்ஜ், அவளுக்குத் தண்ணீர் ஜில்லென்று வேண்டும். கார்ட்டூன் பார்க்க டேப்லெட். கொசு மெஷின். யானை நைட்லேம்ப், இருட்டு என்றால் அவளுக்குப் பயம். எல்லாம் சேர்த்தால் என் பேட்டரி இப்போது தருவதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். மூன்று வருடப் பழசு அது. இன்னொன்று சேர்க்காமல் முடியாது.

என் பங்குக்கு எதுவும் எழுதவில்லை. நான் எப்படியும் ஃபேன் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு விழித்துத்தானே இருப்பேன்.

ஆகஸ்ட் 24

செம்பியன் கடைக்குப் போனேன். என்னோடு ஐடிஐ படித்தவன், மஞ்சக்குப்பத்தில் பேட்டரி கடை வைத்திருக்கிறான். லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினான். பழசில் பாதி எடைகூட இல்லை.

"ஆனா மச்சான், பழசக் கழட்டிடணும். ரெண்டையும் ஒண்ணா சேத்து வுட்டின்னா புதுசு பழசுக்கு ஊத்திக்கினே இருக்கும். விடியறதுக்குள்ள ரெண்டும் காலி. இதெல்லாம் ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. பிளாண்டில் எவனாவது இப்படிச் சேர்த்திருந்தால் நானே நாலு பேர் முன்னால் கிழித்திருப்பேன்.

பழசின் மேல் கருப்பு மார்க்கரில் 'குண்டப்பன்' என்று எழுதி, கீழே ஒரு மீசையும் வரைந்திருக்கிறாள் சிந்து. அப்போது அவளுக்குப் பத்து வயது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினோம். அவள் பிடித்தது சும்மா பேருக்கு. ஆனால் மூச்சு வாங்கினாள், என்னைவிட அதிகமாக.

"பாக்கலாண்டா" என்று சொல்லிவிட்டுப் புதுசை வாங்கிவந்தேன்.

ஆகஸ்ட் 31

இரண்டையும் சேர்த்துவிட்டேன். குண்டப்பன் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். இருபது வருஷ எலக்ட்ரீஷியன் செய்கிற வேலையா இது? இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

செப்டம்பர் 2

நேற்று சாயங்காலம் பேட்டரி மீட்டரில் 100 சதவீதம். இன்று காலை 31. ஃபேன்கூடப் போடவில்லை. குண்டப்பன் மேல் கைவைத்துப் பார்த்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

செப்டம்பர் 7

குண்டப்பனைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்பியன் மீசையைப் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தான். அப்புறம் யார் வரைந்தது என்று விளங்கியிருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டான். "கொஞ்ச நாளு வச்சிருடா, ஒடைக்க அனுப்பிடாத" என்றேன். சரி என்றான்.

மத்தியானம் பேனல் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஃபேன், ஃபிரிட்ஜ், யானை விளக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் 44. இன்னும் ஒரு ராத்திரிக்குக்கூடக் கிட்டத்தட்டத் தாங்கும்.

லீவுக்கு இன்னும் இருபது நாள்.

செப்டம்பர் 19

பிரிசில்லாவிடமிருந்து போன். அவள் போன் செய்கிற ஆள் இல்லை.

"சிந்து பெரிய மனுஷி ஆயிட்டா. ஒங்ககிட்ட சொல்லணும்ல. அதான்."

"வலிக்குதாமா?" என்றேன்.

"கொஞ்சம்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5

சிதம்பரத்தில் மண்டபம். பிரிசில்லாவின் அண்ணன் சீர்வரிசையோடு வந்து இறங்கினார். மாலையும் பட்டும் மாமன் கையால்தான். அந்த மேடையில் அப்பனுக்குப் பெரிதாக வேலை கிடையாது, கூடவே இருக்கிற அப்பனுக்கே கிடையாது. நான் மைக் செட் பக்கத்தில் நின்றேன். ஒரு வயர் லூசாகி இரைந்துகொண்டிருந்தது. அதை முறுக்கிச் சரிசெய்து கொடுத்தேன். என் பங்குக்கு அது.

சேலையில் சிந்து என் தோள் உயரம் தெரிந்தாள். போன மாதம் அப்படித் தெரியவில்லையே? என்னைப் பார்த்ததும் கையாட்டப் போனாள், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது பிரிசில்லா வாசல் வரை வந்தாள். "இனிமே வேன்ல ராத்திரி தங்கறதெல்லாம் வேணாம். கடற்கரை, தோப்புன்னு... நாலு பேரு நாலு சொல்லுவாங்க. ஒங்கள எதுவும் சொல்லல. புரிஞ்சிக்குங்க."

"புரியுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புரியலடி. என்னாத்தப் புரிஞ்சிக்கச் சொல்ற? மே மாசம் ஒரு ராத்திரி, அதுவும் பாதி ராத்திரி. ஃபேன் இப்ப ஓடும்டி. விடிய விடிய ஓடும். அத ஒரு தடவ ஏறிப் பாத்திருக்கலாம்ல நீ?

லீவும் முடிந்துவிட்டது.

அக்டோபர் 6

பேட்டரி 100. நேற்றும் 100.

நவம்பர் 9

நேற்று என் முறை. டியூஷன் இருந்ததால் ஒரு மணி நேரம்தான் கிடைத்தாள். பின்னால் ஏறவில்லை, முன்சீட்டில் உட்கார்ந்தாள். "நல்லாருக்கேன்ப்பா" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

வேனை வாங்க ஆள் இருக்கிறது என்கிறான் செம்பியன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறேன்.

டிசம்பர் 10

நேற்று ராத்திரி புயல் கரையைக் கடந்தது. தெருவில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. பிளாண்டை நிறுத்திவிட்டார்கள். வேனைக் கல்யாண மண்டபத்துச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தேன், பேனலில் ஒரு கீறல் இல்லை.

மாலை போன் வந்தது. சிந்து. அவளாகவே.

"அப்பா, இங்க கரண்ட் இல்ல. வர்றதுக்கு நாலஞ்சு நாளாவுமாம். திங்கக்கெழம மேத்ஸ் எக்ஸாம். மெழுகுவர்த்தில படிச்சா கண்ணு எரியுதுப்பா." கொஞ்சம் இழுத்தாள். "வேன் இருக்குல்ல?"

இருக்குதும்மா. இருக்குது.

டிசம்பர் 11

ஒரு மணி நேர வழிக்கு ஐந்து மணி நேரம். புதுச்சத்திரம் தாண்டி வழியெல்லாம் மரம். இரண்டு இடத்தில் நானும் இறங்கிக் கிளை வெட்டினேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் படும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சிந்து புத்தகப் பையோடு ஏறிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் செல்போன் சார்ஜ் போட வந்தார்கள். மூன்று போனுக்கு மேல் வாங்கவில்லை. கஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

யானை விளக்கைப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "இது எதுக்குப்பா? கண்ணு கூசுது. ஆஃப் பண்ணிடு."

டேப்பில் கார்ட்டூன் ஏற்றி வைத்திருந்தேன். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. குண்டப்பன் எங்கே என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைக் கடலூரிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்தேன். கேட்கவேயில்லை. பேட்டரி பெட்டியின் மேல் கால் நீட்டிக்கொண்டு இயற்கணிதம் போட்டாள்.

ஒன்பது மணிக்கு மாடியேறிப் போய்விட்டாள். ஃபேனை அணைத்தேன்.

டிசம்பர் 12

பிரிசில்லா இறங்கி வந்தாள். ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், திரை, கொசுவலை, மீட்டர் எல்லாவற்றையும் பார்த்தாள். இன்னொரு காலை எடுத்து வைக்கவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

"மேல ஒரே கொசு. புழுங்கித் தள்ளுது. வண்டி வாசல்லதான நிக்குது, அவ இங்கயே படுத்துக்கட்டும்" என்றாள், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

நான் முன்சீட்டில் படுத்தேன். ஃபேன் ஓடியது.

டிசம்பர் 13

தெருமுனையில் லைன்மேன்கள் கம்பம் நட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு கம்பம் இழுத்தால் இந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் வந்துவிடும். இருபது வருடமாகக் கரண்ட் கொடுத்தே சம்பளம் வாங்குகிறவன், இன்று அது வரக்கூடாது என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு ஆள் பற்றவில்லை. போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் போனது. நல்ல மனிதர்கள். இருட்டியதும் மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டார்கள்.

பாவம்தான். குவார்ட்டர்ஸில் எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள். தெரிகிறது.

டிசம்பர் 14

மாலை ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது.

கட்டடம் முழுக்க 'ஓ'வென்று சத்தம். எல்லா ஜன்னலும் ஒரே சமயத்தில் வெளிச்சம். நான் எழுந்து அவள் செருப்பை எடுத்துப் படிக்கட்டில் திருப்பி வைத்தேன். எப்படியும் போகப்போகிறவள்.

மாடி பால்கனியிலிருந்து பிரிசில்லா கூப்பிட்டாள். "சிந்து, கரண்ட் வந்துடுச்சு. மேல வா."

சிந்து கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளைக்கு எக்ஸாம் முடியட்டும்மா. நான் இங்கயே இருக்கேன்."

பிரிசில்லா கம்பியைப் பிடித்தபடி வேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொசுவலைய எறக்கி வுட்டுக்கோ" என்றாள் பிரிசில்லா. பால்கனிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா, ஃபேன ரெண்டுல வைய்யி."

வைத்தேன்.

டிசம்பர் 15

காலை ஆறு மணி. மீட்டரில் 47. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் தூங்கியிருக்கிறேன் போல, எப்போது கண் மூடினேன் என்றே தெரியவில்லை. சிந்துவை எழுப்ப வேண்டும், எக்ஸாமுக்கு நேரமாகும். இன்னும் பத்து நிமிஷம்.