சந்தனம் வைத்த கண்ணாடி

வேங்கிக்கால், திருவண்ணாமலை

அன்புள்ள சகாதேவனுக்கு,

இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். டெக்சாஸில் நீயும் ஆர்த்தியும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, உன் தம்பி வேலையைப் போலவே அரைகுறையாக.

உன் தம்பி வல்லரசு நம் கீழ்பென்னாத்தூர் ஜின்னிங் மில்லில் நீ அனுப்பிய கருவியைக் காற்றுக் குழாயில் பொருத்தினான். குழாயில் ஓடும் பருத்தி வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறதோ அதை வைத்து எடை சொல்லுமாம். முதல் நாளே, உள்ளே போனது பன்னிரண்டு குவிண்டால் என்றது. வெளியே வந்த பஞ்சும் கொட்டையும் சேர்த்துப் பத்துதான். பஞ்சு விழும் இடத்தில் இருபது வருஷமாக நிற்கிற ஆராயி, உள்ளே போடும் முன் தராசிலும் பத்துதான் இருந்தது என்றிருக்கிறாள். தராசு பழசு என்று சொல்லி, எல்லார் எதிரிலும் அவளை மடியை உதறச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டான். இரண்டு குவிண்டால் மடியில் அடங்குமா என்று யோசிக்க அந்த மகாபுத்திசாலிக்கு நேரமில்லை. நீயும் போனில் "மெஷின் பொய் சொல்லாதுடா" என்று தீர்ப்புச் சொன்னாயாம். படித்த பிள்ளைகள்!

செவ்வாய்க்கிழமை நானே ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். அரவை நின்றிருந்த நேரம், குழாயில் ஓர் இழைகூட இல்லை, திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னேன். வெளிச்சம் வரும் கண்ணாடியில் சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம். பொருத்துவதற்கு முன் பூஜை போட்டபோது உன் தம்பி பக்தியோடு வைத்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளவு பார் என்று எட்டாம் வகுப்பிலேயே சிஸ்டர் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கைக்குட்டையால் துடைத்தேன். எண் நின்றது.

"மெஷினே நீ எடுக்கலன்னு சொல்லிடுச்சு, வேலைக்கு வா" என்று வல்லரசு ஆராயிக்கு ஆள் அனுப்பினான். அவள் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். பிறகு, "மெஷின் சொன்னா திருடி, மெஷின் இல்லன்னா நல்லவளா? இத்தினி வருஷமா என்னப் பாத்தீங்களேம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லலியே" என்று கேட்டாள். அவளை அனுப்பியது எனக்கு அன்றே தெரியும். பத்து நாள் பேசாமல் இருந்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக் காலை வல்லரசை அவள் தெருவுக்கு அனுப்புகிறேன், எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்கட்டும். நீயும் உன் கையால், தமிழில், அவளுக்கு எழுது. போனில் சொல்லித் தப்பிக்காதே. அவளுக்குப் படிக்க வராது, நான்தான் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அதை முடித்துவிட்டு என்னுடையதையும் சொல்லிவிடுவேன்.

அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். பிரஷர் மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா,
கஸ்தூரி