அக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்

ஜூன் 12, வியாழன்

வெயில். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. மலைக்கோட்டைத் துணிக்கடையில் அக்கா சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள். கிஷோர் வருகிறாராம். சென்னை ஆள், ரீல்ஸ் போடுபவர். மூன்றாவது முறை. வந்தது ஊர் சுற்ற, சுற்றுவது அக்காவை. சுடிதார்க்காரிக்குத் தாவணி கட்டவைத்து, பதினொரு மணி வெயிலில் கோலம் போடச்சொல்லிப் படம் எடுக்கிறார். போன தடவை, ராஜகோபுரத்தை ஒற்றைக்காலில் நின்று பார்த்தால்தான் பலன் என்றேன். நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப்போகிறாளாம், இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று. அக்கா பிறந்த மாதம் என்ன என்று அவரிடம் மெசேஜில் கேட்டேன். மார்கழி என்றார். ஆடி!

ஜூன் 14, சனி

எதிர்வீட்டுத் தாத்தா விடியற்காலையில் போய்விட்டார். தொண்ணூற்றிரண்டு வயது. கல்யாணச் சாவு, அழுகையைவிடக் காபி அதிகம். தெருவில் ஒரு வாசலிலும் கோலம் இல்லை. உடலை எடுக்கும்வரை யாரும் போடமாட்டோம்.

பத்து மணிக்குக் கிஷோர். புதுக் குர்தா, ட்ரைபாட். அக்கா பழைய சுடிதாரில் அந்த வீட்டுக்கு நாற்காலி சுமந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். மேளம் வருமா, வீடியோ எடுக்கலாமா என்று கேட்டார். பிறகு மெதுவாக:

"ரெண்டே நிமிஷம். சின்னதா ஒரு கோலம். எடுத்ததும் அழிச்சிடலாம்."

அக்கா நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"வெளியூர்க்காரங்க கேக்கலாம். நீ கேக்கலாமா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கை பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சென்னை பஸ்ஸுக்கு வழி கேட்டார். வேண்டுமென்றே காந்தி மார்க்கெட் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வெங்காய மூட்டையோடு நல்ல ரீல் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் அக்கா பாத்ரூமில் வெகுநேரம். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல காற்று. அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப் லீவு, கறி வாங்கப் போனார். எல்லா வாசலிலும் கோலம். எங்கள் வாசலில் அக்கா போட்டது கோணல். படம் எடுக்க ஆள் இல்லாததால் இஷ்டம்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டாள். பார்க்க நன்றாக இருந்தாள்.

அப்பாவிடம் எப்போது சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"என்னத்தடி சொல்றது? ஊரு பாக்க வந்தாரு. பாத்துட்டாரு."

மதியம் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். என் தட்டிலிருந்த ஈரலையும் எடுத்துக்கொண்டாள். விட்டுவிட்டேன்.